கட்சிக்காரர்கள் தோற்ற வழக்குகள்

தேங்காய்ப்பட்டணத்தின் பழைய பள்ளிவாசலை மாலிக் இப்னு தினார் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். காசர்கோட்டை ஒட்டிய தளங்கரைப் பள்ளிவாசலுக்கும் அதே பெயர்தான். அரபுக் கப்பல்கள் வந்துபோன காலத்து நினைவில் ஒரே கரையாக இருந்த இந்த இரண்டு ஊர்களும் 1956 நவம்பர் 1 அன்று எதிரெதிர்த் திசையில் எல்லை தாண்டின. தேங்காய்ப்பட்டணத்தை உள்ளடக்கிய விளவங்கோடும், கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த காசர்கோடு கேரளத்துக்குப் போயிற்று. அதனால் பின்னாளில் கேரளத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் காசர்கோட்டுக்கும் பொருந்தியது. அங்குள்ள எடநீர் மடத்தின் நிலங்கள் அந்தச் சட்டத்தில் சிக்கின. 1970 மார்ச்சில், முப்பது வயது நிரம்பாத மடாதிபதி கேசவானந்த பாரதி உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அவருக்காக வாதாட எழுந்தவர் பம்பாயின் வருமான வரி வக்கீலும் டாட்டா குழுமத்தின் இயக்குநர்களில் ஒருவருமான நானி பல்கிவாலா. கம்பெனிகளின் வக்கீலாக வாழ்ந்த ஒருவர் குடிமக்களின் உரிமைக்கும் வக்கீலாக இருந்திருக்க முடியுமா என்ற கேள்வியை அவர் பெயரைச் சொன்னதும் பலர் எழுப்புகிறார்கள். முடியும் என்பதுதான் என் கட்சி. அவர் கட்சிக்காரர்கள் கடைசியில் என்ன பெற்றார்கள், அவர்களின் வழக்குகளிலிருந்து மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதற்கான சான்று தெரியும்.

குமரி மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு இந்தக் கட்சி எளிதில் ஒப்பாது. உரிமை என்றால் உடம்பால் போராடிப் பெற்றது என்றே இந்த மண் அறிந்திருக்கிறது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்ட பிறகே 1859-இல் திருவிதாங்கூர் அரசின் ஆணை வந்தது. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துப் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியும் வக்கீல்தான். பள்ளியாடியில் பிறந்து நாகர்கோவிலில் தொழில் செய்தவர். ஆனால் அவர் மக்களோடு தெருவில் நின்ற வக்கீல். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பம்பாய்க் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரை அளந்தால் அவர் குறைந்துதான் தெரிவார். தெருவில் நின்றவர்களின் பெருமையில் ஒரு துளியையும் எடுத்து பல்கிவாலாவுக்குக் கொடுக்க வேண்டிய தேவை எனக்கில்லை. தெருவில் வாங்கிய உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறிய பிறகு, அரசாங்கம் அதை ஒரு திருத்தத்தால் அழித்துவிடாமல் காப்பது வேறொரு வேலை. அந்த வேலைக்கு வேறொரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதையே நான் பேச வருகிறேன்.

பல்கிவாலா 1920 ஜனவரி 16 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பல்லக்கு செய்யும் தொழிலால் குடும்பத்துக்கு வந்த பெயர் அது. பல்க்கி என்பது நம் பல்லக்கேதான். சிறு வயதில் திக்குவாய். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தார். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டுக் கிடைக்காததால் சட்டத்துக்கு வந்தார். 1944-இல் சர் ஜம்ஷெட்ஜி காங்காவிடம் ஜூனியராகச் சேர்ந்தார். 1950-இல், முப்பதாவது வயதில், காங்காவோடு சேர்ந்து வருமான வரிச் சட்டத்துக்கு எழுதிய உரை நூல் வெளிவந்தது. வரி வக்கீல்களின் மேசையில் இன்றும் இருக்கும் நூல் அது. பின்னாளில் அதைத் திருத்திப் பதிப்பித்தவர்களில் சென்னை வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாரும் ஒருவர். வரி வக்கீலின் வேலையைப் பணக்காரர்களுக்குச் சந்து கண்டுபிடித்துக் கொடுப்பது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அதன் அடியில் இருப்பது ஒரே கேள்வி. இந்தப் பணத்தை என்னிடமிருந்து எடுக்க உனக்கு அதிகாரம் தரும் சட்டப் பிரிவு எது, அதை எனக்குக் காட்டு. அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆம் பிரிவு இதையே சொல்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கவும் கூடாது. 21-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள்: சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. பணப்பெட்டியில் கைவைக்க வருபவரிடமும் கையில் விலங்கு மாட்ட வருபவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்று முப்பது வருடம் நாள்தோறும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவருக்கு அந்தக் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

இதற்கு நான் காட்டும் முதல் சான்று சென்னை மாநிலச் சிறையில் தொடங்குகிறது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், விசாரணையின்றித் தடுப்புக்காவலில் அடைபட்டிருந்தபோது உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். 1950 மே மாதம் நீதிமன்றம் கோபாலனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வோர் அடிப்படை உரிமையும் தனித்தனி அறை. ஒன்றுக்குள்ளிருந்து இன்னொன்றை எட்டிப் பார்க்க முடியாது. சிறையில் அடைத்தவனிடம் போய்ப் பேச்சுரிமை, நடமாடும் உரிமை என்று பேசிப் பயனில்லை. நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறதா, அதன்படி அடைத்தார்களா என்று மட்டுமே பார்க்கலாம். சுமார் இருபது வருடம் இதுதான் நாட்டின் சட்டமாக இருந்தது. அதை உடைத்தது ஒரு வங்கி வழக்கு. 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட, அவருக்காக பல்கிவாலா வாதாடினார். 1970 பிப்ரவரி 10 அன்று 11 நீதிபதிகளில் 10 பேர் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். தீர்ப்பின் நடுவில் ஒரு கருத்து வந்தது: அரசு என்ன நோக்கத்தோடு சட்டம் போட்டது என்று பார்ப்பது போதாது, அந்தச் சட்டம் மனிதனின் உரிமையில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும், உரிமைகள் தனித்தனி அறைகள் அல்ல. கோபாலன் வழக்கின் அடித்தளம் அங்கே தகர்ந்தது. 1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் நீதிமன்றம் அந்தக் கருத்தின்மேல் நின்றுகொண்டு, சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் பிழைப்புக்கான உரிமையும் உயிருக்கான உரிமையில் அடங்கும் என்றது. அந்த நடைபாதைக்காரர்களைக் காலி செய்வதை அது தடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் துறைமுகத்துக்காகவோ சாலைக்காகவோ குடிசையை எடுக்க வரும் அதிகாரி இன்று முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பதில் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கட்டாயம் வந்த வழியில் ஒரு வங்கிப் பங்குதாரரின் வழக்கும் நிற்கிறது. கம்யூனிஸ்ட் ஒருவர் சென்னை மாநிலச் சிறையிலிருந்து கேட்டுக் கிடைக்காததை, வங்கி முதலீட்டாளர் ஒருவரின் வழக்கு இருபது வருடம் கழித்து அவருக்கு வாங்கித் தந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கூப்பருக்கு என்ன கிடைத்தது? சில நாட்களிலேயே அரசு கூடுதல் இழப்பீட்டோடு புதிய அவசரச் சட்டம் போட்டது. வங்கிகள் அரசிடமே இருந்தன. அதே 1970-இன் டிசம்பரில் மன்னர் மானிய வழக்கிலும் பல்கிவாலா தரப்பு வென்றது. ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் பெற்றுவந்த திருவிதாங்கூர் மன்னரும் அந்த வெற்றியின் பயனாளிகளில் ஒருவர். மறுவருடமே 26-ஆம் திருத்தம் வந்து மானியத்தை அடியோடு ஒழித்தது. அது ஒழிந்தது நல்லதுதான். எடநீர் மடத்தின் கதையும் இதே கதை.

எடநீர் வழக்கு 13 நீதிபதிகள் முன்னால் 68 நாள் நடந்தது. 1972 அக்டோபர் 31-இல் தொடங்கி 1973 மார்ச் 23 வரை. மடாதிபதியும் வக்கீலும் நேரில் சந்தித்துக்கொண்டதேயில்லை என்று சொல்வார்கள். மடத்தின் நிலம் அதற்குள் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதே வாதமாயிற்று. பல்கிவாலா பிடித்துக்கொண்டது 'திருத்தம்' என்ற ஒரு சொல்லை. இதைத் தேங்காய்ப்பட்டணத்துக்காரருக்குப் புரியவைக்க ஆங்கிலத் தீர்ப்பின் எழுநூறு பக்கம் வேண்டாம். தென்னந்தோப்பு ஒன்றைப் பாட்டத்துக்கு எடுத்தவர் தேங்காய் வெட்டலாம், பட்டுப்போன மரத்தை எடுத்துவிட்டுப் புதுத் தை நடலாம், வேலியை மாற்றலாம், கிணறு வெட்டலாம். அத்தனை மரத்தையும் அடியோடு வெட்டித் தள்ளிவிட்டு, தோப்பைத் திருத்தினேன் என்று சொல்ல முடியாது. பாட்டச் சீட்டில் 'மரத்தை வெட்டாதே' என்று தனியாக எழுதியிருக்கத் தேவையில்லை. பாட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. அரசமைப்பின் கீழ்ப் பிறந்த நாடாளுமன்றம் அந்த அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்ற முடிவு, 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் வந்தது. ஒரே ஒருவர் வித்தியாசம். அடிப்படை உரிமைகளில் கைவைக்கவே கூடாது என்ற முந்தைய கோலக்நாத் தீர்ப்பையும் இதே தீர்ப்பு தள்ளிவைத்தது. அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம், ஆனால் கட்டமைப்பைத் தொடக் கூடாது என்றது. நிலச் சீர்திருத்தச் சட்டம் பிழைத்தது. மடத்துக்கு நிலம் திரும்பவில்லை.

சொத்துடையவர்களின் கோட்டைக்குச் சுவர் எழுப்பியவர் என்பதே பல்கிவாலாமீது சொல்லப்படும் முதல் குறை. அவர் நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது. சொத்துரிமை மற்ற உரிமைகளுக்குக் காவல் என்று அவர் மனதார நம்பினார். எடநீர் மனுவோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவற்றில் நிலக்கரிக் கம்பெனிகளின் மனுக்களும் இருந்தன. ஆனால் விளைவை வைத்துப் பாருங்கள். அடிப்படைக் கட்டமைப்பில் சொத்துரிமை சேரவில்லை. 1978-இன் 44-ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே நீக்கியபோது அவர் கட்டிய கோட்பாடு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1980-இல் பெங்களூரின் மினர்வா மில்லுக்காக அவர் வாதாடி, நெருக்கடிநிலையில் போட்ட 42-ஆம் திருத்தத்தின் மோசமான பகுதிகளை வீழ்த்தினார். திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதியிருந்த வரிகள் அவை. மில் முதலாளிகளுக்கு மில் கிடைக்கவில்லை. 1986-இல் நாட்டுடைமைச் சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி, மானியம், மடம், மில் என்று நான்கிலும் வழக்குப் போட்டவர் கேட்டது கடைசியில் கைக்கு வராமலே போயிற்று. நான்கில் மூன்றில், வழக்கில் பெயரே இல்லாதவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. உரிமைச் சட்டத்தின் இயல்பே அப்படித்தான்: ஒருவருக்காகச் சொன்ன விதி எல்லாருக்குமான விதியாகிவிடுகிறது. பணக்காரரின் மனுவில் எழுதப்பட்டது என்பதற்காக அதை ஏழை தள்ளிவைத்தால் நஷ்டம் ஏழைக்குத்தான்.

இன்னொரு குறை கனமானது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் தேர்தலைச் செல்லாது என்றபோது, அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்டு நின்றவர் பல்கிவாலாதான். தொழில் தர்மப்படி அதில் தவறில்லை. யாருடைய வழக்கையும் வக்கீல் எடுக்கலாம். ஜூன் 24-இல் நிபந்தனையோடு தடை கிடைத்தது. 25 இரவில் நெருக்கடிநிலை. உடனே அவர் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாட்டிலேயே அதிகாரம் மிகுந்த கட்சிக்காரரை, அவர் எதிர்ப்பு என்ற சொல்லையே பொறுக்காத நாளில் கைவிடுவது கம்பெனி வக்கீலுக்கு என்ன இழப்பு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நவம்பரில் தலைமை நீதிபதி ஏ.என். ராய், எடநீர்த் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய மீண்டும் 13 நீதிபதிகளைக் கூட்டினார். மனுவே இல்லாமல் எப்படி மறுபரிசீலனை என்று கேட்டபோது, தமிழ்நாடு கேட்டிருக்கிறது என்று ராய் சொன்னார். தமிழ்நாட்டின் அரசுத் தலைமை வழக்கறிஞர் கோவிந்த் சுவாமிநாதன் எழுந்து, நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். செய்தித்தாள்கள் தணிக்கையில், தலைவர்கள் சிறையில் இருந்த நாளில் அவர் சொன்ன சொல் அது. இரண்டு நாள் பல்கிவாலா பேசினார். மூன்றாம் நாள் ராய் அமர்வைக் கலைத்துவிட்டார். தீர்ப்புத் தப்பியது.

தீர்ப்புத் தப்பியதே, மனிதர்கள் தப்பினார்களா? இல்லை. 1976 ஏப்ரல் 28-இல் அதே உச்ச நீதிமன்றம், நெருக்கடிநிலையில் அடைபட்டவர் ஆட்கொணர்வு மனுக்கூடப் போட முடியாது என்று நாலுக்கு ஒன்றாகச் சொன்னது. மாறுபட்டு எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான், எடநீர் வழக்கிலும் தராசைச் சாய்த்தது அவருடைய ஓட்டுதான். அந்தத் தீர்ப்புக்கு முன்பே, பிப்ரவரியில், சென்னை மத்தியச் சிறையில், மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைபட்ட கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டிருந்தார்கள். கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயிலின் விசாரணை ஆணையம் பிறகு அதைப் பதிவு செய்தது. அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு அந்தச் சிறையில் ஒருவர் முதுகில் விழுந்த தடியையும் தடுக்கவில்லை. இதை மறைத்துவிட்டு பல்கிவாலாவைப் புகழ எனக்கு மனமில்லை. கோட்பாடு தாமதமாகத்தான் வேலை செய்யும். அதற்குள் உயிர்கள் போய்விடும். மக்களின் ஓட்டும் 44-ஆம் திருத்தமும் சேர்ந்தே 21-ஆம் பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தன; 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில்தான் நீதிமன்றம் தன் 1976 தீர்ப்பை முறையாகத் தூக்கி எறிந்தது.

ஓட்டு வாங்காத நீதிபதிகள் ஓட்டு வாங்கிய நாடாளுமன்றத்தை மறிப்பது ஜனநாயகமா என்றும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர் இதற்குத் தம் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லலாம். 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் இங்கே ஓட்டு வாங்கிய ஆட்சிகளை 356-ஆம் பிரிவு வீட்டுக்கு அனுப்பியது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள், கூட்டாட்சியும் மதச்சார்பின்மையும் அடிப்படைக் கட்டமைப்பு என்று சொல்லி, ஆட்சிக் கலைப்பையும் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றார்கள். அதன் பிறகு இங்கே ஓர் ஆட்சியும் அப்படிக் கலைக்கப்படவில்லை. மக்களின் ஓட்டைக் காத்ததில் எடநீரின் பங்கு இது. ஓட்டுக் கணக்கில் சிறியவர்களுக்கும் நீதிமன்றம் காவலாக நின்றிருக்கிறது: குமரி மாவட்டத்தில் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் தம் நிர்வாகத்தைத் தாமே நடத்துவதற்கு ஆதாரமாகக் காட்டும் 1974-இன் அகமதாபாத் சேவியர் கல்லூரித் தீர்ப்பும் பல்கிவாலா வாதாடியதுதான்.

எனக்கே உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். மண்டல் வழக்கில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை எதிர்த்து வாதாடியவர்களில் பல்கிவாலாவும் ஒருவர். அது கூலிக்காக எடுத்த வழக்கு மட்டுமில்லை, அவருடைய நம்பிக்கையும் அதுவே. தகுதி என்பதை அவர் பிறப்பின் சுமை எதுவும் இல்லாத ஒருவரின் கண்ணால் பார்த்தார். மேலாடைக்கே உதை வாங்கிய மண்ணிலிருந்து பார்க்கிறவருக்கு அந்தப் பார்வை எவ்வளவு குறுகியது என்று விளக்க வேண்டியதில்லை. 1992 நவம்பர் 16 அன்று நீதிமன்றமும் 27 விழுக்காட்டை ஏற்றது. அவர் தரப்பு தோற்றது சரியே. ஆனால் அதே தீர்ப்பு 50 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு கட்டியதால், தமிழ்நாடு தன் 69 விழுக்காட்டைக் காக்கத் தனிச் சட்டம் போட்டு, 1994-இல் 76-ஆம் திருத்தத்தின் மூலம், நீதிமன்றத்தின் கேள்வியிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்தது. 2007 ஜனவரியில், நீலகிரியின் கூடலூர் ஜன்ம நிலங்களிலிருந்து கிளம்பிய கோயல்ஹோ வழக்கில், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணைக்குள் போன எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பல்கிவாலாவின் வெற்றி நம் இடஒதுக்கீட்டுக்கே உலை வைக்கிறதே என்று கேட்பவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். அதற்காக அந்த உரைகல்லை உடைத்துப் போட்டால், இடஒதுக்கீட்டை ஒரே திருத்தத்தில் துடைத்தெறிய நினைக்கும் பெரும்பான்மை ஒன்று நாளை டெல்லியில் உட்கார்ந்தால் அதன் கையைப் பிடிக்க எதுவும் இருக்காது. சமத்துவமும் அந்தக் கட்டமைப்பின் ஒரு தூண்தான். 69 விழுக்காட்டை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நிற்கின்றன. அங்கே தமிழ்நாட்டுக்காக எழுந்து நிற்கும் வக்கீலும், எதிர்த்தரப்பு வக்கீலைப் போலவே, எடநீர்த் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும்.